சீக்வென்சிங்: வரிசைப்படுத்தலா, வாசிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை நேற்று ராத்திரிதான் முழுக்கப் படித்தேன். ஜீனோம் சீக்வென்சிங் (ஓர் உயிரின் மரபுச் செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாகக் கண்டறிவது) என்பதற்கு 'மரபணு வரிசைப்படுத்தல்' என்றே இருக்கட்டும், செய்தித்தாளில் ஏறிவிட்டது, இனி எதற்குக் கிளறுவது என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. போன மாதம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நடந்த கூட்டம்தான் காரணம்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு வடக்கே, சுற்றிலும் ரப்பர் தோட்டம். மழை விட்டுவிட்டுப் பெய்கிற நாட்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தண்ணீர் நிற்கும், யாரும் கவிழ்த்து வைக்காவிட்டால் சில நாளில் உள்ளே புழு நெளியும், ஏடிஸ் கொசு வளர அதைவிடத் தோதான இடம் கிடையாது. அதனால் டெங்கு பற்றிப் பேசக் கூட்டம். துண்டறிக்கையை வாசித்தது நான், மொழிபெயர்த்ததும் நான். "நோயாளிகளின் மாதிரிகள் மரபணு வரிசைப்படுத்தலுக்கு அனுப்பப்படும்" என்ற வரி வந்ததும், பால்வெட்டுக்குப் போகும் மைனி ஒருவர் எழுந்து, "தம்பி, நம்ம மரபணுவையா எடுக்காவ? அது அப்பன் யாருன்னு பாக்க கோர்ட்டுல செய்யறதுல்லா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த வரியில் 'கிருமி' என்ற சொல்லே இல்லை. கேட்டவர் மேல் தப்பில்லை.

ஆக முதல் கோளாறு, யாருடைய மரபணு என்பது சொல்லில் தெரியவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் ஊரில் யாரும் ரத்தம் கொடுக்க முன்வர மாட்டார்கள்.

இரண்டாவது கோளாறு 'வரிசைப்படுத்தல்' என்பதிலேயே இருக்கிறது. தாறுமாறாகக் கிடப்பதை ஒழுங்காக அடுக்குவதைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். இங்கே நாம் எதையும் அடுக்கப்போவதில்லை. டெங்கு வைரஸுக்குள் ஏறத்தாழ 10,700 எழுத்துகள் (மரபுப் பொருளில் கோத்திருக்கும் நாலு வகை வேதித் துண்டுகளைத்தான் எழுத்து என்கிறேன்) ஏற்கெனவே ஒரு வரிசையில்தான் இருக்கின்றன, காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 44 லட்சம். அந்த வரிசை என்ன என்று பார்த்து எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதற்குத் தமிழில் 'வாசித்தல்' என்று பெயர். (கருவி துண்டு துண்டாகத்தான் வாசிக்கும், துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பது கணினி, அந்தப் பகுதிக்கு மட்டும் வரிசைப்படுத்தல் பொருந்தும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். செல்லரித்த சுவடியையும் நாம் அப்படித்தான் சேர்த்து வாசிக்கிறோம், யாரும் அதைச் சுவடி வரிசைப்படுத்தல் என்று சொல்வதில்லை.)

வாசிப்பு என்று வைத்துக்கொண்டால் இந்த வேலையால் ஊருக்கு என்ன பயன் என்பதையும் விளக்கிவிடலாம். பழைய பிரமாணங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, பார்த்திருப்பீர்கள். ஒரு பத்திரத்தில் எழுத்தர் கிழக்கு எல்லையைத் தப்பாக எழுதிவிட்டால், அதைப் பார்த்து எழுதிய அடுத்த பத்திரத்திலும் அதே தப்பு வரும், அதற்கடுத்ததில் அதுவும் இருக்கும், புதிதாக இன்னொன்றும் சேரும். நாலு பத்திரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதைப் பார்த்து எழுதியது என்று பிடித்துவிடலாம். கிருமியும் பெருகும்போது தன்னைத்தானே படியெடுக்கிறது, எழுத்துப் பிழை விடுகிறது, அந்தப் பிழைகள்தான் நமக்குத் துப்பு. 2010 அக்டோபரில் ஹெயிட்டியில் காலரா வெடித்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று பெரிய தகராறு. அங்கே எடுத்த கிருமியையும் நேபாளத்தில் எடுத்ததையும் வாசித்து ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 40 லட்சம் எழுத்தில், சில மாதிரிகளுக்கிடையே ஓரிரு எழுத்துதான் வேறுபாடு. நேபாளத்திலிருந்து போன ஐ.நா. அமைதிப்படை முகாம் மேல் இருந்த சந்தேகம் அதோடு வலுத்தது.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால், 2021 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஜிகா வந்தபோது களியக்காவிளையில் தமிழக-கேரள எல்லையில் கண்காணிப்பைக் கூட்டினார்கள். ஆனால் எல்லையில் ஆளைத்தான் நிறுத்த முடியும், கொசுவை முடியாது. நாலு வகை டெங்குவில் இது எந்த வகை என்று சொல்ல பிசிஆர் சோதனையே போதும். ஆனால் இந்த மழைக்கு இங்கே பரவுவது போன வருஷம் இங்கேயே இருந்ததா, புதிதாக எங்கிருந்தோ வந்ததா என்று கேட்டால் வாசித்துத்தான் பார்க்க வேண்டும். அதிலிருந்துதான் எந்தப் பக்கம் முதலில் மருந்தடிப்பது என்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும்.

பிழைகளுக்கான பெயர்களையும் நாம் புதிதாகத் தேட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் விகாரப் புணர்ச்சி படித்தோமே, தோன்றல், திரிதல், கெடுதல். ஓர் எழுத்து புதிதாக நுழைவது, ஒன்று இன்னொன்றாக மாறுவது, ஒன்று விழுந்துபோவது. மரபியலில் எழுத்தளவில் நடக்கும் மாற்றமும் அடிப்படையில் இந்த மூன்றுதான். 'உருமாறிய கொரோனா' என்று எழுதி எழுதி, கிருமி ஏதோ வேஷம் மாற்றியது போல ஆக்கிவிட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மரபணு என்பது ஜீன், ஜீனோம் முழுத்தொகுதி. அதற்கு 'மரபேடு' என்று வைக்கலாமா? 'மர பேடு' என்று பிரித்துப் படிப்பார்கள் என்று சென்னை அண்ணாச்சி கேலி செய்வார், தெரியும். சேர்த்து எழுதும்போது 'மரபேட்டு வாசிப்பு' என்று ஆகிவிடுவதால் அந்தத் தொல்லை குறையும். இங்கே சாமிதோப்பிலும் நிழல் தாங்கல்களிலும் அய்யாவழிக்காரர்களின் திருஏடு வாசிப்பு நடக்கிற மாவட்டம், ஏடு, வாசிப்பு இரண்டையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மரபேடு பிடிக்கவில்லை என்றால் 'மரபணுத்தொகை' என்றே இருக்கட்டும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இலங்கை நண்பர்களுக்கு ஜீன் என்பதே பரம்பரை அலகுதான், அவர்கள் முன்பாதியை மாற்றிக்கொள்ளலாம். பின்பாதி 'வாசிப்பு' ஆக இருக்க வேண்டும், முன்னால் 'கிருமி' கட்டாயம் வர வேண்டும், இந்த இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாடநூலுக்குக் 'கிருமி மரபேட்டு வாசிப்பு', துண்டறிக்கைக்கும் மைக்கில் சொல்வதற்கும் வெறும் 'கிருமி வாசிப்பு'.

மைனியிடம் நேற்று சொல்லிப் பார்த்தேன். "கிருமிக்க எழுத்த வாசிக்காவ, அப்படித்தான? அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

ஒரே எழுத்தைக் கருவி எத்தனை தடவை வாசித்தது என்பதற்கு 'ரீட் டெப்த்' என்கிறார்கள், அதற்கு என்ன வைக்கலாம்? 'வாசிப்படுக்கு' என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை.