கேம் பாய் பிரிண்டர்: 57 மி.மீ. பில் ரோலை வெட்டிப் போடலாமா? எரர் 1, வெள்ளைக் கோடு

பிக்சல்_பாண்டி

கேம் பாய் பிரிண்டர் (நின்டெண்டோவின் கையடக்க கேம் பாய் விளையாட்டுக் கருவியோடு வடத்தில் இணையும், சூட்டால் அச்சிடும் குட்டி பிரிண்டர்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கூடவே கேம் பாய் கலர், அதில் செருகிப் படம் எடுக்கும் கேமரா கார்ட்ரிட்ஜ். பிரிண்டர் ஆன் ஆகிறது, தாளை நகர்த்தும் ஃபீட் பட்டனை அழுத்தினால் உருளை சுற்றுகிறது. உள்ளே கிடந்த பழைய ஸ்டிக்கர் ரோல் மஞ்சளடித்துப் போயிருக்கிறது, அதில் ஒன்றும் பதியவில்லை. கார்டு தேய்க்கும் மெஷின் ரோலிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்துப் போட்டுப் பார்த்ததில் படம் வருகிறது. ஆனால் கோணலாக இழுக்கிறது, படத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை முடி போல ஒரு வெள்ளைக் கோடு. இருட்டான படம் என்றால் பாதியில் எரர் 1 என்று நின்றுவிடுகிறது.

1. கடையில் கிடைக்கும் 57 மி.மீ. ரோலை எப்படி ஒழுங்காக வெட்டுவது?
2. ரீசார்ஜபிள் செல் போடலாமா? அடாப்டர் குத்த இடமே காணோம்.
3. வெள்ளைக் கோடு அழுக்கா, ஹெட் (தாளைச் சூடாக்கி அச்சிடும் முனை) போய்விட்டதா?

ரோல்மாடல்

பேப்பர் விஷயத்தை நான் சொல்கிறேன்.

இந்த பிரிண்டருக்கு அகலம் 38 மி.மீ. ஸ்டேஷனரிக் கடையில் "2 இன்ச் பில் ரோல்" என்று கேட்டால் வருவது 57. அதிலிருந்து 19 மி.மீ. கழிக்க வேண்டும், அவ்வளவுதான். 80 மி.மீ. ரோல் வாங்காதீர்கள். இரண்டு 38 எடுத்துவிடலாம் என்று ஆசை காட்டும், ஆனால் மிஞ்சுவது 4 மி.மீ.தான், ரம்பத்தின் தடிமனும் கை நடுக்கமும் சேர்ந்து இரண்டில் ஒன்றைக் கெடுக்கும்.

வெட்ட இரண்டு வழி. முதல் வழி, ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிரித்து, மேஜையில் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து புது பிளேடால் இழுப்பது. சுத்தமான விளிம்பு வரும், ஆனால் நீளம் குறைவு. இரண்டாவது வழி, ரோலை அப்படியே ரம்பத்தால் அறுப்பது. ரோலைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இறுக்கி ஒட்டி, 38-இல் கோடு போட்டு, மைட்டர் பாக்ஸில் (ரம்பம் நேராக ஓட வழிகாட்டும் பெட்டி) வைத்து, இன்ச்சுக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடால் அறுங்கள். அவசரம் வேண்டாம். இது சூடு பட்டால் கறுக்கும் வெப்பத்தாள்; வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே விளிம்பு முழுக்கக் கறுத்துவிடும். பத்து இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி பத்து. அறுத்த முகத்தை 320 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தூளை பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகே உள்ளே வைக்கலாம். அந்தத் தூள் ஹெட்டில் ஒட்டினால் இன்னும் நாலு வெள்ளைக் கோடு இலவசம். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், தாளின் மேல்பூச்சு ரசாயனம்.

அகலம் 37.5-க்கும் 38-க்கும் நடுவே இருக்கட்டும். கூடினால் சுவரில் உரசிக்கொண்டு ஒரு பக்கம் பின்தங்கும், குறைந்தால் அலைபாயும். உங்களுடைய கோணல் இந்த இரண்டில் ஒன்றுதான். கத்தரிக்கோலில் வெட்டிய விளிம்பு நேராக இருக்கவே இருக்காது.

வெட்டிய ரோல் அப்படியே உள்ளே அடங்காது, பள்ளம் சிறியது. பாதியைப் பிரித்து வேறு தண்டில் சுற்றி வையுங்கள். மூடியை அழுத்தாமலே மூட வேண்டும், உள்ளே ரோல் தளர்வாக உருள வேண்டும். மூடி ரோலை அழுத்தினால் மோட்டார் இழுக்கத் திணறி, படம் உயரத்தில் நசுங்கி வரும்.

எந்தப் பக்கம் பூச்சு என்பதை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் ஹெட்டைப் பார்க்க வேண்டும். தாள் ஓடியும் வெறுமையாக வந்தால் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதைச் சந்தேகிக்கலாம்.

சாலிடர்_சித்தப்பு

எரர் எண்களை ஒரு முறை தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1 என்றால் மின்சாரம் போதவில்லை. 2 என்றால் பிரிண்டரோடு பேச்சே நடக்கவில்லை: ஆன் செய்யவில்லை, வடம் கழன்றிருக்கிறது, அல்லது தொடர்புமுனையில் அழுக்கு. 3 தாள் சிக்கல். 4 வந்தால் பெரும்பாலும் சூடு; அணைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

உங்களுக்கு இருட்டுப் படத்தில் மட்டும் எரர் 1 வருவதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஹெட்டில் வரிசையாக 160 சூடேறும் புள்ளிகள். வெள்ளை வரிக்கு ஒன்றும் சூடாக வேண்டாம், முழுக்கறுப்பு வரிக்கு அத்தனையும் சூடாக வேண்டும். அந்த நொடியில் கரண்ட் எகிறும், செல்லின் உள்தடையால் வோல்ட் சரியும், பிரிண்டர் "பேட்டரி குறைவு" என்று கையை விரிக்கும். மீட்டரில் 9 வோல்ட் காட்டுகிறதே என்று கேட்காதீர்கள், அது சும்மா இருக்கும்போது.

போட வேண்டியது 6 டபுள் ஏ ஆல்கலைன், ஆறும் ஒரே பிராண்ட், ஒரே நாளில் பிரித்தவை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் துத்தநாக செல் கடிகாரத்தோடு இருக்கட்டும்.

ரீசார்ஜபிள் பற்றி: 1.2 பெருக்கல் 6, 7.2 வோல்ட்தானே என்று பலர் தள்ளிவிடுவார்கள். கணக்கு சரி, ஆனால் நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு உள்தடை குறைவு. இழுக்கும்போது ஆல்கலைன் போலச் சரியாது. சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு போட்டு முழுக்கறுப்புப் படம் ஒன்றை அடித்துப் பாருங்கள். தேறினால் சரி, எரர் 1 வந்தால் அந்த செட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

அடாப்டருக்குத் துளை கிடையாது. வெளியிலிருந்து ஊட்டுவதானால் பேட்டரி அறையின் பிளஸ், மைனஸ் கடைசி முனைகளில் 9 வோல்ட், 2 ஆம்பியர் தர வேண்டும். யூ.எஸ்.பி. சி வழியாக என்றால் 9 வோல்ட் பி.டி. டிரிகர் போர்டு (யூ.எஸ்.பி. சி சார்ஜரிடம் குறிப்பிட்ட வோல்ட்டைக் கேட்டு வாங்கும் சிறு பலகை) போதும். போர்டு கைக்கு வந்ததும் சாலிடர் பண்ணிவிடாதீர்கள். பலவற்றில் ஜம்பரை வைத்து 9, 12, 15, 20 என்று மாற்றலாம், எதில் செட் ஆகியிருக்கிறது என்று முதலில் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். செல்லும் அடாப்டரும் ஒரே சமயத்தில் கூடாது. சதுர 9 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுங்கள், வோல்ட் பொருந்தினாலும் இவ்வளவு கரண்ட் தர அதற்கு வலு இல்லை.

பேட்டரி ஸ்பிரிங்கைப் பார்த்தீர்களா? வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அந்தத் தடையே எரர் 1-க்குப் போதும். ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது. இயர் பட்ஸில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, நுரை அடங்கியதும் தண்ணீர் தொட்ட பட்ஸ், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அப்புறமும் மங்கலாக இருந்தால் ஃபைபர் பேனாவால் (கண்ணாடி இழை முனை கொண்ட சுரண்டும் பேனா) சுரண்டலாம்.

அடுத்து வெள்ளைக் கோடு. தாள் ஓடும் திசையில், ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வந்தால் அது ஹெட். குறுக்கே பட்டை பட்டையாக வெளிறினால் ஹெட் இல்லை, மின்சாரமோ உருளையோ. உங்களுடையது முதல் வகை. செல்களைக் கழற்றி, தாளை எடுத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் நனைத்த பட்ஸால் ஹெட்டின் கோட்டை ஒரே திசையில் நாலைந்து தடவை துடையுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் பட்ஸின் புதுப்பக்கம். கை சானிடைசர் வேண்டாம். அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். ஸ்டிக்கர் பேப்பர் ஓடிய பிரிண்டரில் பசை இருக்க வாய்ப்பு அதிகம், உருளையையும் விரலால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் சோதனை அச்சு ஒன்று தானாக வரும். கேம் பாயோ வடமோ இல்லாமல் பிரிண்டரை மட்டும் தனியாகப் பார்க்க இதுதான் வழி. இரண்டு முறை துடைத்தும் கோடு இம்மி நகரவில்லை என்றால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

பிக்சல்_பாண்டி

சித்தப்பு, ஸ்பிரிங் பச்சை பூத்துதான் இருந்தது. துடைத்து, புது ஆல்கலைன் போட்டதும் எரர் 1 போய்விட்டது. கோடும் பாதி மங்கிவிட்டது, இன்னொரு தடவை துடைக்கிறேன். இரண்டு துணைக் கேள்வி. புது ரோலில் அடர் சாம்பலும் கறுப்பும் ஒன்றாகிவிடுகின்றன, ஏன்? இன்னொன்று, கணினியிலிருந்து நேரடியாக இதற்குப் படம் அனுப்ப முடியுமா?

எட்டுபிட்_எழிலன்

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: பிரிண்டர் தருவது நாலு சாயல், சூட்டின் அளவை மாற்றித்தான் அதைச் செய்கிறது. இப்போதைய பில் ரோல்கள் சீக்கிரம் கறுத்துவிடுபவை, அதனால் மூன்றாவது சாயல் நாலாவதோடு சேர்ந்துவிடுகிறது. அச்சின் அடர்த்தியைக் குறையுங்கள். போக்கிமான் யெல்லோ, கோல்டு, சில்வர் ஆட்டங்களின் ஆப்ஷன் பட்டியலில் இதற்கென்றே ஐந்து படி உண்டு. உள்ளே போகும் மதிப்பு 0, 32, 64, 96, 127. 64 சாதாரணம், பில் ரோலுக்கு 32-இலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவதற்கு, முடியும். ஐந்து வோல்ட் அர்டுயினோ நானோவும் (நாம் நிரல் எழுதி ஓட்டும் சிறு கணினிப் பலகை) கேம் பாயை பிரிண்டரோடு இணைக்கும் ஒரு லிங்க் வடமும் போதும். 3.3 வோல்ட் போர்டு என்றால் நடுவே வோல்ட்டை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். வடத்தை வெட்டினால் கம்பி நிறத்தை நம்பாதீர்கள். மலிவு வடங்களில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் உள்ளேயே குறுக்காகப் போகும். ஒவ்வொரு பின்னாக மீட்டரில் பீப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேவை நாலு: கிளாக், அனுப்புவது, வாங்குவது, கிரவுண்ட். ஐந்து வோல்ட் பின்னை இணைக்க வேண்டாம்.

கிளாக், அதாவது ஒவ்வொரு பிட்டுக்கும் தாளம் போடும் துடிப்பு, 8192 ஹெர்ட்ஸ். இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். 16 மெகாஹெர்ட்ஸ் நானோவின் ஹார்டுவேர் எஸ்.பி.ஐ. (சிப்பிலேயே உள்ள தரவு அனுப்பும் பகுதி) எவ்வளவு மெதுவாக்கினாலும் 125 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. அதனால் பின்னை நாமே ஏற்றி இறக்க வேண்டும், அரைச் சுற்றுக்கு 61 மைக்ரோசெகண்ட். கிளாக் சும்மா இருக்கும்போது மேலே. இறங்கும்போது பிட்டை மாற்றி, ஏறும்போது படிக்க வேண்டும். பைட்டில் மதிப்பு கூடிய பிட் முதலில்.

பிரிண்டருக்குத் தரவு போவது பாக்கெட் எனும் பைட் கட்டுகளாக. அதன் வடிவம்: 136, 51, கட்டளை, சுருக்கக் கொடி, நீளம் இரண்டு பைட், தரவு, கூட்டுத்தொகை இரண்டு பைட், கடைசியில் இரண்டு சைபர். அந்த இரண்டு சைபர் போகும்போதுதான் பிரிண்டர் பதில் தரும்: முதலில் 129, அடுத்து நிலை பைட். இரண்டு பைட் மதிப்புகளில் கீழ் பைட் (256-ஆல் வகுத்த மீதி) முன்னால், மேல் பைட் (ஈவு) பின்னால்.

கட்டளை 1 தொடக்கம், 4 படத்தரவு, 2 அச்சிடு, 15 நிலை கேட்பது. அச்சிடும் பாக்கெட்டை எழுதிக் காட்டுகிறேன்:

136, 51, 2, 0, 4, 0, 1, 19, 228, 64, 62, 1, 0, 0

1 என்பது பிரதி எண்ணிக்கை. 19 ஓரம்: 16-ஆல் வகுத்தால் ஈவு 1 முன்பக்கம், மீதி 3 பின்பக்கம். 228 சாயல் வரிசை, 64 அடர்த்தி. கூட்டுத்தொகையில் 136, 51 சேராது: 2+0+4+0+1+19+228+64 = 318. அதில் 256 போக 62, எனவே 62, 1. அடர்த்தியை 32 ஆக்கினால் 286, அதாவது 30, 1. இதை மாற்ற மறந்தால் நிலை பைட்டில் 1 ஏறி வரும், பாக்கெட் குப்பைக்கு.

படம் 160 x 144, புள்ளிக்கு 2 பிட், மொத்தம் 5760 பைட். ஒரு தரவுப் பாக்கெட்டில் 640 பைட், அதாவது 20 டைல் (8 x 8 புள்ளிக் கட்டம்) கொண்ட இரண்டு வரிசை. ஆக 9 பாக்கெட். ஒவ்வொன்றிலும் நீளம் 128, 2. ஒன்பதும் போன பிறகு நீளம் 0 உள்ள காலிப் பாக்கெட் ஒன்று கட்டாயம்: 136, 51, 4, 0, 0, 0, 4, 0, 0, 0. இதை விட்டால் அச்சிடு என்று எத்தனை முறை சொன்னாலும் அசையாது.

நிலை பைட்டில் 8 வந்தால் தரவு காத்திருக்கிறது. 6 என்றால் அச்சாகிக்கொண்டிருக்கிறது, 4 என்றால் முடிந்தது. 32, 64, 128 முறையே தாள் சிக்கல், வேறு பிழை, பேட்டரி குறைவு. சித்தப்பு சொன்ன எரர் 3, 4, 1 பிறப்பது இங்கிருந்துதான். எரர் 2-க்கு பிட் இல்லை. பதிலே வராததைப் பார்த்து கேம் பாய் தானாகச் சொல்வது அது.

"எல்லாம் சரியாக எழுதியும் வெறும் தாள் நகர்கிறது" என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: நடுவில் சீரியல் மானிட்டருக்கு (நானோ அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் ஜன்னல்) எதையாவது அனுப்புகிறீர்களா? பாக்கெட்டுகளுக்கு நடுவே சுமார் 100 மில்லிசெகண்ட் சும்மா விட்டால் பிரிண்டர் வாங்கியதையெல்லாம் மறந்து தொடக்க நிலைக்குப் போய்விடும். 9600 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் நூறு எழுத்து அனுப்ப அவ்வளவு நேரம் ஆகிவிடும். 115200 வையுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள்.

பிக்சல்_பாண்டி

இரண்டு மூன்று படத்தை இடைவெளி இல்லாமல் நீளமாக ஒட்டி அடிக்க அந்த 19-ஐ மட்டும் மாற்றினால் போதுமா?

எட்டுபிட்_எழிலன்

போதும். முதல் படத்துக்கு 16, நடுவில் வருபவற்றுக்கு 0, கடைசிக்கு 3. நிலை 4 வந்த பிறகே அடுத்த தொடக்கப் பாக்கெட்டை அனுப்புங்கள். ஒட்டும் இடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது உருளை நின்று கிளம்பும் இடம். முழுக்கறுப்பு வரியில் தெரியும், வெள்ளை வரியில் தெரியாது. படத்தை வெட்டும்போதே வெளிர் பகுதியில் எல்லை வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோல்மாடல்

அடித்ததை லேமினேஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், மெஷினுக்குள் போனதும் தாள் முழுக்கக் கறுத்து வரும். செல்லோ டேப்பும் பி.வி.சி. உறையும் எழுத்தைத் தின்றுவிடும். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுத்துவிட்டு, அசலைக் காகித உறையில் போட்டு வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.