ஏற்காட்டு கமலா ஆரஞ்சு + டார்க் சாக்லேட்: பக்குவம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, சேலத்துல இருந்து எழுதுறேன். ஏற்காட்டுல இருந்து சித்தப்பா ஒரு கூடை கமலா ஆரஞ்சு குடுத்து விட்டிருக்கார். பார்க்க சுமார்தான், கொட்டையும் ஜாஸ்தி. ஆனா தோல்ல நகம் பட்டாலே எண்ணெய் தெறிக்குது, வீடே மணக்குது.

நாத்தனார் வளைகாப்புத் தட்டுக்கு, தோலைச் சர்க்கரைப் பாகுல ஊறவெச்சு டார்க் சாக்லேட்ல முக்கி வைக்கலாம்னு ஆசை. கசப்பு போக மூணு தடவை வேகவெச்சு வடிக்கணும்னு சொல்றாங்க. அது தடிச்ச தோலுக்குச் சரி. இந்த மெல்லிசுத் தோல் கரைஞ்சிடாதா?

பெரிய கவலை நம்ம ஊர் வெக்கைதான். சாக்லேட்டை 45 டிகிரியில உருக்கி, 28க்கு ஆறவிட்டு, திரும்ப 31-32க்குக் கொண்டுவந்தாதான் பளபளன்னு இறுகி, கடிச்சா டக்குன்னு உடையுமாம். அறையே 34ல கொதிச்சா எப்படி ஆறும்? ஃபிரிட்ஜ்ல வெச்சா வெளிய எடுத்ததும் வேர்க்குது. காம்பவுண்ட் சாக்லேட் வேண்டாம்ங்க, அதுல கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேற கொழுப்பு, வாயில மெழுகாட்டம் ஒட்டும்.

இன்னொண்ணு. மாமியார் இதே தோல்ல புளிக்குழம்பு வைப்பாங்க, அருமையா இருக்கும். மெக்சிகோல மோலேன்னு மிளகாய்க் குழம்புல சாக்லேட் சேர்ப்பாங்களே, அந்த மாதிரி இதுல இனிப்பில்லாத கோகோ அரை ஸ்பூன் போட்டா எடுபடுமா? வெல்லத்துக்கு முன்னாடியா, இறக்கும்போதா? செஞ்சு பார்த்தவங்க மட்டும் சொல்லுங்க. மாமியார்கிட்ட இன்னும் வாயே திறக்கல!