“நான் தகுதியில்லாதவன்” என்று ஒதுங்குவது தாழ்ச்சியா?

தென்கடல் (தங்கச்சிமடம்): எங்கள் அன்பியத்தில் (பங்கிலுள்ள சிறு குழுவில்) ஒரு அண்ணன் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பார். ஒரு சொல்லில் ழகரத்தைத் திருத்திச் சொன்னார்கள். அன்றிலிருந்து “நான் பாவி, பீடத்தில் ஏற எனக்கென்ன தகுதி” என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார். இதைத் தாழ்ச்சி என்பதா? எப்படித் திரும்ப அழைப்பது?

உபதேசியார்: தம்பி, திருத்தியது ஒரு சொல். அவர் விட்டது முழு வேலை. அந்த இடைவெளியில்தான் பெருமை உட்கார்ந்திருக்கிறது. தாழ்ச்சியுள்ளவர் அந்தச் சொல்லை வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு வந்து நிற்பார்.

“நீர் என் இல்லத்துள் எழுந்தருளிவர நான் தகுதியற்றவன்” என்று பூசையில் எல்லோரும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு வீட்டுக்கா போகிறோம்? எழுந்து போய் நன்மை (நற்கருணை) வாங்குகிறோம். மத்தேயு 8இல் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவரும் தகுதியில்லை என்று ஒரு வரி சொன்னார். அடுத்த வரியிலேயே பேச்சு இயேசுவின் அதிகாரத்துக்குப் போய்விட்டது. தன்னிரக்கம் அப்படி நகராது, அந்த ஒரு வரியிலேயே கிடக்கும்.

பாம்பன் அக்கா: அழைக்கும் முறைக்கு 1 அரசர் 19ஐ வாசியுங்கள். “போதும்” என்று சூரைச் செடியடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவை ஆண்டவர் திட்டவில்லை. சுட்ட அப்பம், தண்ணீர், தூக்கம், மறுபடி அப்பம். அப்புறம்தான் “இங்கே என்ன செய்கிறாய்?” என்ற கேள்வி, அதுவும் இரண்டு முறை. இரண்டு முறையும் எலியா “நான் ஒருவனே மிஞ்சியிருக்கிறேன்” என்கிறார். ஆண்டவர் அதோடு வாதாடவில்லை. மூன்று பேரை அருள்பொழிவு செய்யச் சொல்லி அனுப்பினார், இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்றார்.

அதனால் முதலில் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள், வாசகப் பேச்சே வேண்டாம். அடுத்த முறை சின்ன வேலையாகக் கேளுங்கள். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதையில் 14 நிலைகள்; 14 பேர் வாசிக்கட்டும், ஒன்று அவருக்கு. “நீங்க இல்லாம நடக்காதுண்ணே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், புண்ணில் தேன் தடவின கதைதான், ஈ மொய்க்கும். எல்லோர் முன்னாலும் கெஞ்சினாலும் அதேதான். திருத்தினவர் கடுமையாகப் பேசியிருந்தால், அவர் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கட்டும்.

ஓரியூர் பாதயாத்திரி: அக்கா சொன்னதோடு ஒன்று. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கடலுக்குப் போகாமல், கடன்காரர் வாசலில் நிற்கும்போது வருகிற சோர்வு வேறு. தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அதைப் பெருமை என்று பேசி அவர்மேல் பழி போடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போர்ச்சுகல் அரசவையில் வளர்ந்தவர். இங்கே வந்து காவி உடுத்தினார், புலால் விட்டார். தன்னைத் தாழ்த்திப் பேசி ஒதுங்கி நிற்கவில்லை, மறவர் நாட்டு மக்களிடம் போனார்.

தென்கடல்: நன்றி அக்கா. ஒன்பதாம் நிலையைக் கேட்கிறேன், இயேசு மூன்றாம் முறை விழுவது. அதில் ழகரம் வரும்தான், வரட்டும்.