புதுப்பிப்பு: இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஆலைகளுக்குச் சென்று வந்தோம்

ஸ்போர்ட்ஸ் கார் ஆலைகளைக் காண இத்தாலிக்குக் குழுவாகச் செல்லவிருக்கிறோம், ஏற்பாட்டாளர் தந்த பயணத் திட்டத்தை அப்படியே நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பயணம் முடிந்துவிட்டது, முழுவதுமாக நம்பியிருக்கக் கூடாது என்பதே என் பதில்.

திட்டத்தில் 'ஃபெராரி ஆலை' என்று இருந்தது. ஆனால் அந்த ஆலை இருக்கும் மரனெல்லோ ஊரில் பொதுப் பார்வையாளர்களுக்குக் கிடைப்பது, ஆலை வளாகச் சாலைகளையும் 1972-இல் அமைக்கப்பட்ட ஃபியோரானோ சோதனைத் தடத்தையும் காட்டும் பேருந்துச் சுற்று மட்டுமே; நடுவில் இறங்க அனுமதியில்லை. இதை முன்கூட்டியே சொல்லாத ஏற்பாட்டாளர் மீது எங்கள் குழுவில் பலருக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை.

அந்த வருத்தத்தைப் போக்கியது, மோதெனாவுக்கு அருகில் சான் செசாரியோவிலுள்ள, பகானி என்ற ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தின் பட்டறை. அங்கே குளிரில் பாதுகாக்கப்படும் கார்பன் இழைத் துணியை அளவாக வெட்டி, அச்சுக்குள் ஒவ்வோர் அடுக்காகக் கையாலேயே அழுத்திப் படியவைத்து, பிறகு வெப்பமும் அழுத்தமும் கொண்ட ஆட்டோகிளேவ் கலனில் இறுகச் செய்கிறார்கள். வண்டியின் நடுக்கோட்டில் இருபுற நெசவும் அம்பு முனைபோல் பிசகாமல் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தபோது, இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை என்று மனநிறைவு கொண்டேன்.

அடுத்துச் செல்பவர்கள், உற்பத்திக் கூடத்துக்குள் நடந்து செல்ல முடியுமா என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆகஸ்டில் இத்தாலிய ஆலைகள் பல கோடை விடுமுறைக்காக மூடப்படுவதால், அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.