எபாக்ஸி நொறுங்காம இருக்க ஐடியா வேணும்

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், பாண்டில பாலிமர் ப்ராஜெக்ட் பண்றேன், கடலூர் பக்கம் ஓடுற ஃபைபர் படகுக்கு ஆகற மாதிரி ஒரு எபாக்ஸி (ரெசினும் ஹார்டனரும் கலந்தா கெட்டியா இறுகுற பிளாஸ்டிக்). பிஸ்பீனால் ஏ ரெசின்ல அமீன் ஹார்டனர் போட்டு க்யூர் பண்ணா, அதாவது இறுக வச்சா, குறுக்குப் பிணைப்பு (சங்கிலி மூலக்கூறுகளை ஒண்ணோட ஒண்ணு கட்டுற முடிச்சு) நெருக்கமாகி ஸ்ட்ராங்கா தான் இருக்கு, ஆனா ஒரு தட்டு தட்டுனா அப்பளமா நொறுங்குது. சிடிபிஎன்னு ஒரு திரவ ரப்பர் கலந்தா டஃப்னஸ் (விரிசல் ஓடாம தாங்குற தன்மை) ஏறும், ஆனா விறைப்பு இறங்கிடும், அது வேணாம். அதனால மூலக்கூறுலயே கை வைக்கலாம்னு பாக்கறேன், சங்கிலி நடுவுல வளையற ஈதர் துண்டு (ஆக்ஸிஜன் இணைப்பு உள்ள பகுதி) வைக்கிறது, இல்லன்னா ஹைப்பர்பிராஞ்ச்டு எபாக்ஸி (மரம் மாதிரி நிறைய கிளை விட்ட மூலக்கூறு) கொஞ்சமா சேர்க்கறது, இதுல எது யாருக்காவது ஒத்து வந்துச்சா? அப்புறம் ஏஎஸ்டிஎம் டி5045 டெஸ்டுக்கு (பிளாஸ்டிக் விரிசலை எவ்ளோ தாங்குதுன்னு அளக்கறது) சாம்பிள்ல வெட்டுன நாட்ச்ல பிளேடு வச்சு தட்டி விரிசல் போடணுமே (பெரிய தலைவலி), அது நேரா வர ட்ரிக் இருந்தா சொல்லுங்க. பக்கத்துல இந்த டெஸ்ட் பண்ற லேப் தெரிஞ்சாலும் போடுங்க.