மேடம், நோனா, அக்கா: கண்டி மார்க்கெட்டில் எங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?

கொழுந்துக்கூடை, ஹட்டன்

என் பெரியம்மா மகள் கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். 1964இல் தோட்டத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட கணக்கில் எங்கள் வீட்டுப் பங்கு ஏழு பேர். அக்கா அதில் ஒருவர். 1973இல் போகும்போது வயது ஐந்து. அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். வந்து தோட்டத்து வரிசை வீடான லயத்தைப் பார்த்து, மாரியம்மன் கோயிலைப் பார்த்து, அழுது ஓய்ந்த மூன்றாம் நாள், "அழுதது போதும்டி, டூரிஸ்ட் மாதிரி எங்கேயாவது கூட்டிட்டுப் போ" என்றார். சரி என்று கண்டிக்குப் புறப்பட்டோம்.

தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா பற்றியெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் மார்க்கெட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அரை மணி நேரம் என்று நுழைந்து, நாலு மணி நேரம் அங்கேதான் கிடந்தோம்.

ஹட்டன் பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்க இறங்க ஸ்வெட்டர் பாரமாகிவிட்டது. கண்டி 500 மீட்டர் உயரம்தான். வெளிநாட்டுக்காரருக்கு அது மலைநாடு, எங்களுக்குக் கீழ்நாடு. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி வாவிப் பக்கம் நடந்தால் மாநகர சபையின் மத்திய சந்தை. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் இரண்டு தட்டுக் கட்டடம். கீழே பழம், மரக்கறி, மசாலாச் சரக்கு, கருவாடு. இன்னொரு பக்கம் மீனும் இறைச்சியும். மேல் தட்டில் பத்திக் சாரம், மர யானை, முகமூடி. வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் கீழே நாலு படம் எடுத்துவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள்.

ஜூலை மாதம். வாசலிலேயே மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடந்தன. அக்கா சுடிதாரும் தோளில் கேமராவுமாக முன்னால் நடக்க, "மேடம், கம் கம், டேஸ்ட் மேடம்" என்று ஒரு பையன் மறித்தான். மங்குஸ்தான் ஒன்று 80 ரூபாய். அக்கா மனதுக்குள் மூன்றரையால் வகுத்துப் பார்த்து, "பரவாயில்லையே, எங்க ஊரைவிட மலிவு" என்று பையை விரித்துவிட்டார். நான் பின்னாலிருந்து சிங்களத்தில், "கீயத மல்லி?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், இரண்டு பேரின் மூக்கையும் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஒரே மூக்கு. சிரித்துக்கொண்டே, "ஐம்பது, அக்கே" என்றான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இங்கே விலையைக் கேட்கும் முன்னால் நம்மை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மேடம் என்றால் ஒரு விலை. நோனா, சிங்களத்தில் அம்மணி, என்றால் அதிலிருந்து கொஞ்சம் இறங்கும். அக்கா என்றால் வீட்டு விலை. அக்கா என்ற சொல் சிங்களத்திலும் அக்காதான் என்பது எவ்வளவு வசதி!

பெயர் மாறியதும் பையனும் மாறிவிட்டான். ஒரு பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் பூப்போல ஒட்டியிருக்கும் இதழ்களை எண்ணச் சொன்னான். ஆறு. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கி உடைத்தான்; உள்ளே ஆறு சுளை. அக்கா நம்பவில்லை. இன்னொன்றை எடுத்து எண்ணினார், ஐந்து, உடைத்தால் ஐந்து. அப்படியே நாலு பழம் வியாபாரத்துக்கு முன்னாலேயே தீர்ந்தது, அவன் அதற்குக் காசு கேட்கவில்லை. தோல் கல்லுமாதிரி இறுகியிருந்தால் வாங்கக்கூடாது என்றும் அவன்தான் சொன்னான். தோலின் சாறு துணியில் பட்டால் போகாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அக்காவின் துப்பட்டா போனது.

மேல் தட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யானைகள் எல்லாக் கடையிலும் ஒரே யானைகள்.

கீழே இறங்கி மசாலாச் சரக்குப் பக்கம் வந்தோம். மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய், அதன் மேல் சுற்றியிருக்கும் சிவப்பு வசவாசி. வெளியே நின்ற பொடியன் மறுபடியும் "மேடம்" என்று தொடங்கி, 100 கிராம் கறுவா 900 ரூபாய் என்றான். அக்கா தமிழில், "பட்டை இவ்வளவு ஒல்லியா இருக்கே, ஒரிஜினலா?" என்று என்னிடம் கேட்டார். உள்ளே தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தினார். எழுந்து வந்து ஒரு குச்சியை எடுத்துக் குறுக்கே முறித்தார். கடுதாசியைச் சுருட்டினதுபோல உள்ளுக்குள் உள்ளாகப் பல மடிப்பு. "நீங்க சொல்றது தடிப் பட்டை, சீனாப் பக்கத்து மரம். அது சுத்தியலால உடைக்கணும். இது விரலால நொறுங்கும்" என்று அக்காவின் கையில் பொடித்துக் காட்டினார்.

அந்த நேரம் பொடியன் உள்ளே பார்த்து, "தாத்தா, அந்தச் சின்னப் பைய எடுங்க" என்று கத்தினான். அக்கா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அசையவில்லை. கல்லாவில் இருந்த பெண்பிள்ளை எழுந்து வந்து பையைக் கொடுத்தது. முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி என்று நான் காதில் சொன்னேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்றும் சொன்னேன். அக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அதற்குக் கோபம் வந்திருக்கும், பாவம்.

"இந்தியாவா?" என்று பெரியவர் கேட்டார். "ஆமா. இல்ல, நோர்வூட்" என்றார் அக்கா.

"நோர்வூட்ல எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். அக்கா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். ஆங்கிலப் பெயர் அவருக்குத் தெரியாது. பெரியம்மா வாயில் இருந்த தமிழ்ப் பெயரைச் சொன்னார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அப்படி இரண்டு பெயர், பதிவில் ஒன்று, வாயில் ஒன்று. இந்த வாய்ப் பெயரை இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகளே சொல்வதில்லை. பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. "எங்கட வாப்பா அந்தப் பக்கமெல்லாம் பொட்டணி ஏவாரம் செஞ்சவர்" என்றார். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி, கடனுக்குச் சேலை கொடுத்துவிட்டு, சம்பள நாளில் வந்து கணக்குத் தீர்ப்பவர்கள். எனக்கே ஒருவரை ஞாபகம் இருக்கிறது. வாப்பாவுக்கு அந்தத் தோட்டத்தில் வராமல் போன கடன் நிறைய, எழுபதுகளில் ஆட்கள் கோச்சி, அதாவது ரயில், ஏறிப் போய்விட்டார்கள் என்று பெரியவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா முகம் சிவந்துவிட்டது. "எங்க அம்மா பாக்கி வச்சிருந்தா நான் குடுத்துடுறேன்" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கறுவா 600க்கு வந்தது. பேரம் பேசவில்லை, அவரே போட்ட விலை. 900 சொன்ன பொடியன் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யாராவது வெளியூரிலிருந்து இங்கே சந்தைக்குப் போயிருந்தால் எழுதுங்கள். என்னவென்று கூப்பிட்டார்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

டவுன்பஸ், கோயம்புத்தூர்

என்னைக் கூப்பிட்டது மல்லி என்று. போன வருடம் அதே மார்க்கெட். ஒரு கீரைக் கடைக்காரர் "மல்லி, மல்லி" என்று விடாமல் கூப்பிட்டார். நான், "வேண்டாங்க, ஹோட்டல்ல தங்கியிருக்கேன், மல்லி வாங்கி என்ன பண்றது?" என்று நின்று நிதானமாக விளக்கம் சொன்னேன். அவர் மறுபடியும் மல்லி. நான் மறுபடியும் விளக்கம். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி என்று சாயங்காலம்தான் தெரிந்தது. எனக்கு வயது 46. அந்த மனிதரைத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் எனக்கு அடி விழுந்தது மார்க்கெட்டில் இல்லை. மறுநாள் ஆட்டோக்காரர் ஒருவர் மாத்தளை ரோட்டில் ஒரு மசாலாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நுழைய இலவசம், மூலிகைத் தேநீர் இலவசம், தோளைப் பிடித்துவிடுவதும் இலவசம். கையில் ஒரு களிம்பைத் தடவி முடி உதிர்வதைக் காட்டினார்கள். முடிவில் ஒரு கூடையைக் கையில் கொடுத்து நிறுத்தினார்கள் பாருங்கள், மூன்று பாட்டில் வாங்காமல் வெளியே வர முடியவில்லை. மார்க்கெட்டில் 100 கிராம் மிளகுக்குக் கொடுத்ததைப்போல நாலு மடங்கு. ஆட்டோ அதுவரை வாசலிலேயே நின்றது, அவருக்கும் அதில் பங்கு இருக்கும்போல. கூப்பிட்டது "சார்". நீங்கள் சொல்வது சரிதான்.

ஒரு சந்தேகம்: கறுவாவை அக்கா விமானத்தில் கொண்டுபோனாரா?

பேல்பஜார்ப்பிள்ளை, நுவரெலியா

எல்லாரும் வாங்குகிறவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள், அதனால் விற்கிறவள் சொல்கிறேன். எங்களுக்கு பேல் பஜாரில் ஜாக்கெட் கடை. கார்மென்ட்ஸில் மிஞ்சுகிற ஏற்றுமதித் துணிதான் பெரும்பாலும்.

இந்த ஊர் 1868 மீட்டரில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்கூட அரைக்கை சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கும். ஐந்தரைக்கு எங்கள் கடையில் கூட்டம். பல் கிடுகிடுக்கிற ஆளுக்குப் பேரம் பேச வராது, அது எங்கள் அதிர்ஷ்டம். ஏப்ரல் சீசனில் ஓடுவதை வைத்துத்தான் மற்ற மாதங்களைத் தள்ளுகிறோம், அதனால் ஏப்ரலில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். மறைக்கவில்லை.

ஒருதடவை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம். அந்த அம்மா ஜாக்கெட்டைத் தொடவே இல்லை; முதலில் என் முகத்தைப் பார்த்து, "பிள்ளை சாப்பிட்டிட்டீங்களே?" என்று கேட்டார். நான் காலையிலிருந்து ஒரு ரொட்டியும் பிளேன்டீயும்தான். அப்படியே சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து பனங்காய்ப் பணியாரம் எடுத்துத் தந்தார். 2500 ஜாக்கெட்டை 1800க்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் அம்மா அன்றிரவு கணக்குப் பார்த்துவிட்டு, "பணியாரம் ஒண்ணு எழுநூறு ரூபாயா?" என்று கேட்டார். மூன்று ஜாக்கெட் என்பதை நான் சொல்லவில்லை.

ஸ்ட்ரோபெரி வாங்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். இவ்வளவுதான் சொல்லலாம், பக்கத்துக் கடைக்காரரும் இதை வாசிப்பார்.

சம்பளஞாயிறு, பண்டாரவளை

ஞாயிற்றுச் சந்தைக்கு வருகிறவர்கள் திகதியைப் பார்த்து வாருங்கள். தோட்டத்தில் பத்தாம் திகதியளவில் சம்பளம் போடுவார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு இங்கே கால் வைக்க இடமிருக்காது. கருவாட்டுக் கடைக்கு முன்னால் ஒரு வரிசை, பிள்ளைகளின் செருப்புக் கடைக்கு முன்னால் ஒரு வரிசை. படம் எடுக்க நல்ல நாள். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள், கொழுந்துக் கூடை இல்லாமல், நல்ல சேலை கட்டி வந்த அன்றைக்கும் எங்கள் அம்மாவை ஒருவர், "கூடையோட நிக்க முடியுமா?" என்று கேட்டார். அம்மா, "உங்க ஆபீசு மேசையத் தூக்கிட்டு வாங்க, சேர்ந்து நிப்போம்" என்றார்.

கொழுந்துக்கூடை, ஹட்டன்

சம்பளஞாயிறு, உங்கள் அம்மாவுக்கு என் கும்பிடு.

டவுன்பஸ், கொண்டுபோனார், பெட்டியில் துணிக்கு நடுவில். நேற்று போன் எடுத்தார். மருமகள் தெரியாமல் அதைக் கடைப் பட்டை இருந்த டப்பாவிலேயே கொட்டிவிட்டாளாம். அக்கா தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக முறித்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாராம்.