போடி சொந்தங்கள் குரூப்: கிட்டங்கிக்குள்ள கடல்தண்ணி

நித்யா: 📷 எர்ணாகுளத்துல இருந்து ஃபோர்ட் கொச்சிக்கு படகுல போய்ட்டிருக்கோம். கரையோரமா ஓட்டுக்கூரை தெரியுதுல்ல, அதுதான் ஆஸ்பின்வால் ஹவுஸ். பினாலேன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வர்ற கலைக் கண்காட்சி நடந்த இடம்

சித்தி: பாத்தா பழைய ரைஸ் மில்லு மாதிரில்ல இருக்கு

பெரியப்பா: மில்லு இல்ல, கிட்டங்கி, சரக்கு அடுக்கி வைக்கிற இடம். கடலப் பாத்து வாசல் வச்சிருப்பாங்க, படகு நேரா வந்து நிக்கும். மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய், புல்தைலம் எல்லாம் அங்கிட்டுதான் ஏறும்

கார்த்தி: ஜான் ஆஸ்பின்வால்னு ஒரு வெள்ளைக்காரர் 1867ல ஆரம்பிச்ச கம்பெனி. அப்ப ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ்காரன் கையில, மெட்ராஸ் மாகாணம்

அம்மா: கம்பெனி மூடிட்டாங்களா?

கார்த்தி: இல்ல, மங்களூர்ல நடக்குது. மழைக்காத்து பட வச்சு காப்பிக்கொட்டைய உப்ப வைப்பாங்களே, மான்சூன்ட் மலபார், அதெல்லாம் போடுறாங்க

அம்மா: பெறகு இம்புட்டு பெரிய இடத்த ஏன் சும்மா போட்டாங்க

பெரியப்பா: துறைமுகம் நகந்துருச்சும்மா. முன்ன கழிமுகத்துல மணல் திட்டு இருந்ததால பெரிய கப்பல் உள்ள வராது, வெளிக்கடல்லயே நிக்கும். சரக்கு வள்ளத்துல போகணும். அப்ப கரையில கிட்டங்கி வச்சிருந்தவன்தான் ராஜா. 1920ல மெட்ராஸ் கவர்னர் வில்லிங்டன், பிரிஸ்டோன்னு ஒரு இஞ்சினியர அனுப்புனாரு. அந்த ஆளு திட்ட வெட்டி, அள்ளுன மண்ணுல ஒரு தீவையே போட்டுட்டாரு! 1928ல கப்பல் உள்ள வந்துருச்சு. பெறகு யாவாரம் பூரா மெள்ள மெள்ள வில்லிங்டன் தீவுப் பக்கம் போயிருச்சு

சித்தி: மாமா டைப் அடிக்கிற வேகத்தப் பாரு 😄

கார்த்தி: 12.12.2012ல அங்க முதல் பினாலே. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமுன்னு ரெண்டு ஓவியர்கள் ஆரம்பிச்சாங்க. முழுப்பேரு கொச்சி-முசிறிஸ் பினாலே

அம்மா: முசிறியா? திருச்சி பக்கத்துலயா?

பெரியப்பா: அது வேற. இது சேர நாட்டு முசிறி. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பும்னு அகநானூறுல வரும். 1341ல பெரியாறு பெருக்கெடுத்து அந்தத் துறை தூந்துபோயி, கொச்சிக்கு வழி திறந்துச்சும்பாங்க

கார்த்தி: நான் 2016ல காலேஜ் பசங்களோட போனேன். முற்றத்துல பெரிய பிரமிடு, மேல பூரா வரட்டி. உள்ள ஒரே இருட்டு, நாடுகடத்துன கவிஞர்களோட கவிதைய குரல்ல ஓட விட்டிருந்தாங்க. செஞ்சது ஸ்லோவேனியாக் கவிஞர் அலெஷ் ஷ்டெகர்

சித்தி: வரட்டியப் பாக்க கொச்சிக்கா 😂 நம்ம தொழுவத்துச் செவுத்துல ஓசியாவே பாக்கலாமே

கார்த்தி: இன்னொண்ணு சொன்னா பெரியப்பா திட்டுவாரு. ஒரு கிட்டங்கி பூரா கடல்தண்ணி விட்டிருந்தாங்க

பெரியப்பா: என்னது???

பெரியப்பா: கிட்டங்கிக்குள்ள தண்ணியா? ஈரம் ஏறக்கூடாதுன்னு தரையில கட்டை போட்டு, செவுத்துல ஒட்டாம மூட்டைய அடுக்குவோம். மழைக்காலத்துல ஒரு ஓடு ஒழுகுனா எங்கப்பா ராத்திரி தூங்க மாட்டாரு. மிளகு பூசணம் பிடிச்சா போச்சு. எவன்டா செஞ்சான் அத

கார்த்தி: சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா. பேண்ட மடிச்சு விட்டுட்டு தண்ணியில நடக்கணும். செவுத்துல கேள்வியா எழுதியிருக்கும், அந்தக் கோடி வரைக்கும் போனாத்தான் கவிதை. 2015ல துருக்கிக் கரையில ஒதுங்குன சிரியாப் பையன் போட்டோ ஞாபகம் இருக்கா? அவனோட அண்ணன் காலிப் குர்தியும் அன்னைக்கே முழுகிட்டான். அவன் போட்டோ அப்படிப் பரவல, அதனால பேரும் அவ்வளவா வெளிய தெரியல. அவனுக்காக வச்சது

அம்மா: அந்தப் புள்ளைகளோட அம்மாவும் போய்ட்டாள்ல. பேப்பர்ல படிச்சேன்

கார்த்தி: ஆமா. உள்ள யாரும் பேசல. தண்ணி சத்தம் மட்டுந்தான்

சித்தி: 😢

பெரியப்பா: அதுக்குன்னா சரி

பெரியப்பா: ஆனா தண்ணிய எடுத்த பெறகு தரையக் காய வச்சாங்களா இல்லையா

நித்யா: 😂 பெரியப்பா! படகு அணைஞ்சிருச்சு, இறங்குறோம். மத்தியானம் மட்டாஞ்சேரி

சித்தி: ஏலக்கா மட்டும் வாங்கிறாத, இங்க கெடக்கு மூட்டை மூட்டையா

பெரியப்பா: ஜூ டவுன்ல, அதான் யூதர் தெருவுல, மிளகு கிலோ என்னன்னு கேட்டுப் போடு தாயி. கேட்டா போதும், வாங்காத. டூரிஸ்ட் கடை